ஊத்துன தண்ணி பைக்குள்ள நிக்கோணும்: மாடித்தோட்ட மண் பக்குவம்

நான் திருப்பூர்ல பனியன் கம்பெனியில ஓவர்லாக் டைலருங்க. காலையில எட்டரைக்கு உள்ள போனா ராத்திரி எட்டுக்குத்தான் வெளிய வருவேன். மொட்டை மாடியில இருபத்திரெண்டு பை வெச்சிருக்கேன். தண்ணி ஊத்தறது காலையில ஒரே ஒருக்காதான். அதுலயும் ஆத்துத் தண்ணி என்னைக்கோ வரும். மத்த நாளெல்லாம் உப்பு கரிக்கற போர்த் தண்ணி. அதனால காலையில ஊத்துனது பொழுது சாயற வரைக்கும் பைக்குள்ள நிக்கோணும். போட்ட உரமும் அதோட ஓடிப் போயிரக்கூடாது.

முதல் வருசம் பல்லடம் பக்கத்துல இருந்து எங்கப்பாவோட தோட்டத்துச் செம்மண்ணை அண்ணன் மொபெட்டுல ரெண்டு நடை கொண்டாந்து போட்டான். காட்டுல அது நல்ல மண்ணுதான். பைக்குள்ள போட்டா செங்கல்லாயிருச்சு. காய்ஞ்சதும் ஓரத்தை விட்டுச் சுருங்கி, ஊத்துற தண்ணியெல்லாம் அந்த இடுக்கு வழியா நேரா கீழ. தண்ணி வெளிய வருதே, நனைஞ்சிருச்சுன்னு நானும் நெனச்சுட்டேன். வாடுன தக்காளியைப் புடுங்கிப் பார்த்தா வேரடியில தூசி பறக்குது.

அடுத்த வருசம் கோவத்துல செம்மண்ணே வேண்டாம்னு, பொள்ளாச்சியில தேங்காய் மட்டையை நாராக்கற மஞ்சி மில்லுல இருந்து வந்த நார்த்தூளை அப்படியே போட்டேன். கத்திரி நாத்து இலை ஓரமெல்லாம் கருகிப் போச்சு. நார்த்தூள்ல உப்பு இருக்குதுன்னு அப்பத்தான் தெரிஞ்சது. செவுத்துல காப்பித் தண்ணி மாதிரி கறை வேற. "ஏனம்மணி, நீ செடி வெக்கறியா, செவுத்துக்குச் சாயம் போடறியா"ன்னு வீட்டுக்கார அம்மா கேட்டாங்க. திருப்பூர்ல சாயம்னு சொன்னா சிரிக்கவும் முடியாது.

இனி நான் இப்பப் பண்ற பக்குவத்தைச் சொல்றேன்.

எதையும் கலக்கறதுக்கு முன்னால ஒரு பைக்கு அடியில பழைய வட்டல் ஒண்ணை வெச்சு, அளந்து ஒரு லிட்டர் தண்ணி ஊத்திப் பாருங்க. அஞ்சு நிமிசம் கழிச்சு வட்டல்ல இருக்கறதை அளங்க. என்னோட செம்மண் பையில முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் கம்மியாத் திரும்பி வந்தது. அத்தனையும் நான் படியேறிச் சுமந்த தண்ணி. உரத்தைக் கரைச்சு ஊத்தியிருந்தா அதுவும் அதோட போயிருக்கும்.

நார்த்தூளைக் கழுவறதுதான் பெரிய வேலை. தொட்டியில ஊறப்போட்டு, ஒரு ராத்திரி விட்டு, சாக்குல கட்டிப் பிழியோணும். மூணு தடவையாவது. முதல் ரெண்டு கழுவலுக்குப் போர்த் தண்ணி போதும், கடைசிக் கழுவலுக்கு மட்டும் ஆத்துத் தண்ணியோ புடிச்சு வெச்ச மழைத் தண்ணியோ. தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்கறதுக்குத் தண்ணி கேன் கடைக்காரங்க வெச்சிருக்கற டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு நானும் வாங்கி வெச்சிருக்கேன். ஊத்துன தண்ணி காட்டற எண்ணும் பிழிஞ்ச தண்ணி காட்டற எண்ணும் கிட்டக்கிட்ட வந்தா கழுவல் முடிஞ்சது. கழிவுத் தண்ணியைக் குழாய் வழியா இறக்கி விடுங்க, செவுத்துல விடாதீங்க.

கழுவினாலும் பச்சை நார்த்தூள்ல இன்னொரு சங்கடம் இருக்குது. அதுல கரி (கார்பன்) ஏகமா இருக்குது, தழைச்சத்து (நைட்ரஜன்) ரொம்பக் கம்மி. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துக் கணக்குல கரி, தழைச்சத்து விகிதம் 112:1. சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் போட்டு மக்க வெச்சா 24:1 அளவுக்கு இறங்குது. மக்காததைப் போட்டா, அதை மக்க வெக்கற கிருமிகளே மண்ணுல இருக்கற தழைச்சத்தை எடுத்துக்கும், செடி மஞ்சளாயிரும். மக்குனது கெடைச்சா அதையே வாங்குங்க. கெடைக்கலீன்னா மக்குன எருவைக் கொஞ்சம் கூடச் சேர்த்துக்கோணும்.

என் கலவை, பத்து லிட்டர் பெயிண்ட் வாளி அளவுல: செம்மண் ரெண்டு, கழுவுன நார்த்தூள் ரெண்டு, மண்புழு உரமோ நல்லா மக்குன மாட்டெருவோ ஒண்ணரை, உமிக்கரி அரை வாளி. மேல ரெண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. பன்னண்டுக்குப் பன்னண்டு இஞ்சுப் பை மூணு ரொம்பும். செம்மண்ணை விட்டுறாதீங்க. தூள் தண்ணியைப் புடிக்கும், சத்தைப் புடிச்சு வெக்கறதுல செம்மண்ணுல இருக்கற களியும் எருவுல இருக்கற மக்கும்தான் கெட்டி. சாம்பல்சத்து (பொட்டாசியம்), சுண்ணாம்புச்சத்து எல்லாம் அதுல ஒட்டிட்டு நின்னு வேருக்குக் கொஞ்சங் கொஞ்சமாக் கொடுக்கும். எங்கப்பா காட்டுச் செம்மண்ணுக்குக் குளத்து வண்டல் அடிச்சதும் இதுக்குத்தான். அப்ப எனக்கு வண்டியில ஏறி வர்ற ஆசை மட்டுந்தான் இருந்தது.

உமிக்கரியும் உமிச்சாம்பலும் ஒண்ணு கெடையாது. காங்கேயம் பக்கம் அரிசி மில்லுல கொதிகலன்ல இருந்து வர்றது பாதி சாம்பல். சாம்பல் கார குணம். எங்க போர்த் தண்ணியே கடினம், அதோட அதையும் சேர்த்தா மண்ணு கெட்டுப் போயிரும். நான் அண்ணன் வீட்டுக் களத்துல உமியைக் குவிச்சு, நடுவுல ஓட்டை போட்ட எண்ணெய்த் தகரத்துக்குள்ள நெருப்பு வெச்சு, உமி கருத்ததும் வெளுக்கறதுக்கு முன்னால தண்ணி தெளிச்சு அணைச்சிருவேன். மூக்குக்குத் துணி கட்டிக்கோங்க. காய்ஞ்ச கரியை அப்படியே போட்டா மண்ணுல இருக்கற சத்தை அது மொதல்ல உறிஞ்சிக்கும். சாணித் தண்ணியில ரெண்டு நாள் ஊற வெச்சுப் போடுங்க.

பைக்கு அடியில ஓட்டாஞ்சில்லோ ஜல்லியோ போட்டா தண்ணி நல்லா வடியும்னு சொல்லுவாங்க. நானும் போட்டேன். அப்படி நடக்கறதில்லீங்க. மேல இருக்கற மெல்லிய மண்ணு முழுசா நனைஞ்சு ததும்புனாத்தான் ஜல்லிக்குள்ள தண்ணி இறங்கும். அதுவரைக்கும் வேரடி மண்ணு ஜல்லிக்கு மேலயே சேறா நிக்கும். பைக்கு ஓட்டை இருந்தா போதும், அடி வரைக்கும் மண்ணே போடுங்க.

கலந்ததைக் கையில புடிச்சா உருண்டை நிக்கோணும், வெரல்ல தட்டுனா உதிரோணும். அந்த ஈரத்துல சாக்கைப் போட்டு மூடிப் பதினஞ்சு நாள் வெச்சிருந்து அப்புறம் நடுங்க.

ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து இங்க அடிக்கற அடி தெரியுமில்ல? அது வெயிலை விட மோசமா மேல்மண்ணைக் காய வெச்சிரும். மண்ணு மேல போர்த்தற மூடாக்கு போடாம ஆகாது. காய்ஞ்ச எலை காத்துல பறந்துருது. கம்பெனியில கட்டிங் மேசையில விழற வெள்ளைக் காட்டன் துண்டுதான் எனக்கு மூடாக்கு. சாயம் போட்டதும் பாலியஸ்டர் கலந்ததும் வேண்டாம். மேல நாலு கூழாங்கல்.

ஊத்தறதுலயும் ஒரு பழக்கம் வேணும். அரை லிட்டர் ஊத்திட்டு மத்த பைக்கெல்லாம் போயிட்டு வந்து மீதி அரை லிட்டர். முதல் ஊத்துல நார்த்தூள் நனைஞ்சு விரிஞ்சாத்தான் ரெண்டாவது ஊத்து உள்ள நிக்கும். ஒரு தடவை எலும்பாக் காய விட்டா நார்த்தூளும் தண்ணியைத் தள்ளும்; அப்படி ஆன பையை வாளியில பாதி முங்கற மாதிரி அரை மணி நேரம் வெச்சிருங்க. உரத்தையும் தண்ணி மாதிரி கொஞ்சங் கொஞ்சமாத்தான் கொடுக்கோணும். தழைச்சத்து நைட்ரேட்டா மாறுனதும் எந்த மண்ணுலயும் ஒட்டி நிக்காது, தண்ணியோட போயிரும். மாசத்துக்கு ஒருக்கா வண்டியாப் போடறதை விட, கடலைப் புண்ணாக்கை ஊற வெச்சுப் பத்து மடங்கு தண்ணி கலந்து வாரவாரம் ஒரு டம்ளர் ஊத்துங்க.

இப்ப அதே வட்டல் சோதனையில ஒரு டம்ளருக்கும் கம்மியாத்தான் வருது.

செடி முடிஞ்ச மண்ணைக் கொட்டிறாதீங்க. போர்த் தண்ணி உப்பு அதுல சேர்ந்திருக்கும். ஐப்பசி மழை புடிக்கறப்பப் பைகளை மூடாக்கில்லாமத் திறந்து வெச்சு நல்லா ரெண்டு மழை இறங்க விட்டு, வேரைச் சலிச்செடுத்து, மூணுல ஒரு பங்கு புது எருவைச் சேர்த்து, மறுபடி சாக்கு போட்டு மூடி வெச்சிருங்க.