விடிய விடியப் படம்: மாரத்தானைக் கவிழ்க்கும் தவறுகள்

நான் முதன்முதலில் ஏற்பாடு செய்த பட மாரத்தானில் ஏழு படங்கள், என்னையும் சேர்த்து ஆறு பேர். அந்தப் பட்டியல்மேல் எனக்கு அப்படியொரு பெருமை. அதிகாலை மூன்றேகால் இருக்கும். 1922-ல் வந்த ஜெர்மானிய மௌனப் படம் 'நொஸ்ஃபெராட்டு' ஓடிக்கொண்டிருந்தது. கூன் விழுந்த முதுகும் நீள நகமுமாக அந்த நிழல் சுவரில் படியேறுகிற இடம். பேய்ப்பட வரலாற்றில் அதைவிடப் பேர்போன நிழல் கிடையாது. எல்லோரும் எப்படிப் பார்க்கிறார்கள் என்று திரும்பினால், நாலு பேர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்கள். விழித்திருந்த ஒருவன், போன் வெளிச்சத்தில் முகம் நீலமாக, "இன்னும் எத்தன படம்டா இருக்கு?" என்றான். இரண்டு இருந்தன.

படம் நல்ல படம்தான். அதைப் போட்ட நேரம் தப்பு. அதன்பிறகு இப்படிப் பல இரவுகள் ஓட்டியாகிவிட்டது. எந்தப் படம் என்பதைவிட அது எத்தனை மணிக்கு வருகிறது என்பதுதான் மாரத்தானைத் தீர்மானிக்கிறது என்பது என் கட்சி. கீழே வரும் தவறுகளில் பாதிக்குமேல் நானே செய்தவை.

கணக்குத் தப்பு

"ஆறு படம், படத்துக்கு ஒன்றரை மணி நேரம், மொத்தம் ஒன்பது மணி நேரம், முடிந்தது" என்று போடுகிற கணக்குதான் முதல் சறுக்கல். ஒரு படம் முடிந்ததும் பாத்ரூமுக்கு வரிசை நிற்கும். ஒருவருக்கு வீட்டிலிருந்து போன் வரும். அதைவிட முக்கியம், பேச்சு. நல்ல படம் முடிந்தால் ஆட்கள் பேசுவார்கள். தனியாகப் பார்க்காமல் கூடிப் பார்ப்பதே பாதி அதற்காகத்தான். அந்தப் பேச்சை வெட்டி அடுத்த படத்தின் பிளே பட்டனை அழுத்தும் ஆளாக இருக்காதீர்கள். படத்துக்குப் படம் இருபது நிமிடம், சாப்பாட்டுக்கு ஒருமுறை நாற்பது நிமிடம் என்று முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள். ஓர் இரவுக்கு ஆறு படம் உச்சவரம்பு. முதல்முறை என்றால் நாலு போதும்.

படத்தின் நீளத்தை நினைவிலிருந்து எழுதுவதும் ஆபத்து. ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'செவன் சாமுராய்' 207 நிமிடம். படத்துக்குள்ளேயே இடைவேளை வைத்திருக்கிறார் மனிதர். நாலு பேய்க்கதைகளைக் கோத்த ஜப்பானியப் படம் 'குவைதான்' 183 நிமிடம். இப்படி ஒன்றைச் சேர்த்தால் அது இரண்டு படத்தின் இடத்தைப் பிடிக்கும். சேர்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. இன்னொன்றைத் தூக்கிவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பதிப்பு என்று பார்க்காமல் விடுவது

கல்ட் படங்களுக்கும் (ஒரு கூட்டம் ரசிகர்கள் விடாமல் கொண்டாடுபவை) திகில் படங்களுக்கும் இது ஒரு பெரிய தலைவலி. ஒரே பெயரில் இரண்டு மூன்று படங்கள் உலவும். 'தி ஷைனிங்' (1980) அமெரிக்காவில் ஓடியது 144 நிமிடம். ஐரோப்பாவுக்காக இயக்குநர் குப்ரிக்கே வெட்டிக் கொடுத்தது 119 நிமிடம். இருபத்தைந்து நிமிட வித்தியாசம் என்பது உங்கள் ஓர் இடைவெளியையே விழுங்கிவிடும். 'தி எக்ஸார்சிஸ்ட்' 1973-ல் வந்தது ஒன்று; 2000-ல் பத்து நிமிடம் கூட்டி வெளியிட்டது இன்னொன்று. 'பிளேட் ரன்னர்' கதை இன்னும் வேடிக்கை: 1982-ல் திரையரங்குக்கு வந்ததில் கதாநாயகனின் பின்னணிக் குரல் உண்டு, சுபமான முடிவும் உண்டு. 2007-ல் வந்த இறுதிப் பதிப்பில் இரண்டுமே இல்லை. முதலாவதைப் பார்த்தவரும் இரண்டாவதைப் பார்த்தவரும் ஒரே படத்தைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு சண்டை போடுவதை நேரில் பார்த்திருக்கிறேன்.

நீளமான பதிப்புதான் எப்போதும் சிறந்தது என்பதும் கிடையாது. 'ஏலியன்' படத்துக்கு 2003-ல் வந்த இயக்குநர் பதிப்பு, 1979-ல் வந்ததைவிட ஒரு நிமிடம் குறைவு. மாரத்தானுக்கு, முதன்முதலில் திரைக்கு வந்த பதிப்பையே நான் எடுப்பேன். கூட்டிச் சேர்த்த காட்சிகள் ஏற்கெனவே படத்தைக் காதலிப்பவர்களுக்கானவை. புதிதாகப் பார்ப்பவருக்கு அவை வெறும் எடை.

பழைய படங்களில் பிரதியின் தரம் வேறு பிரச்சினை. ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) படத்தின் பெயரைக் கடைசி நேரத்தில் மாற்றியபோது, புதிய தலைப்பு அட்டையில் காப்புரிமைக் குறிப்பைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி படம் பொதுச்சொத்தாகிவிட்டது. விளைவு, யார் வேண்டுமானாலும் பிரதி போடலாம் என்றாகி, பிரதியின் பிரதியின் பிரதியெல்லாம் இணையத்தில் கிடக்கிறது. சாம்பல் நிறக் கஞ்சி மாதிரி இருக்கும். அதே படத்தை ஒழுங்காக மீட்டெடுத்த பிரதியும் இருக்கிறது. அதில் பார்த்தால்தான் அது எவ்வளவு அழகாக ஒளியமைத்த படம் என்று தெரியும். இலவசமாகக் கண்ணில் பட்ட முதல் இணைப்பைச் சொடுக்காதீர்கள்.

வரிசை

இங்கேதான் பெரும்பாலான மாரத்தான்கள் கவிழ்கின்றன.

சகஜமாக எல்லோரும் செய்வது, "சிறந்ததைக் கடைசிக்கு வை." ஆறாவது படத்துக்கு வரும்போது பார்ப்பவரிடம் மிச்சமிருப்பது அரைக் கண். அதிகாலை மூன்று மணியிலிருந்து ஐந்து வரை உடம்பின் வெப்பநிலையே இறங்கிக் கிடக்கும். அந்த நேரத்தில் நுணுக்கமான படத்தைப் போட்டால் படமும் வீண், தூக்கமும் வீண். கவனம் கேட்கும் படம், மௌனப் படம், மெதுவாகக் கொதிக்கும் படம் எல்லாம் முதல் இரண்டு இடத்துக்குள் வந்துவிட வேண்டும். என் 'நொஸ்ஃபெராட்டு' மாலை ஆறு மணிக்கு வந்திருக்க வேண்டிய படம்.

அடுத்தது, ஒரே அச்சில் வார்த்தவற்றை அடுத்தடுத்துப் போடுவது. முகமூடிக்காரன் கத்தியோடு துரத்தும் படம் ஒன்று, உடனே அதேபோல் இன்னொன்று. முதலாவதில் கத்தினவர்கள் இரண்டாவதில், அடுத்து யார் சாவார் என்று சரியாகச் சொல்லிக்கொண்டே போவார்கள். பயமும் மிளகாய் மாதிரிதான், நாக்கு மரத்துப்போனால் அப்புறம் எவ்வளவு போட்டாலும் உறைக்காது. தொடர் படங்களை வரிசையாக முடிப்பதும் இதே ரகம். 'ஹாலோவீன்' தொடரில் 2022 வரை பதின்மூன்று படங்கள். அவற்றில் மூன்றாவது படத்தில் தொடரின் முகமூடிக் கொலைகாரனே கதையில் கிடையாது. முழுவதையும் பார்த்து முடித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான் லாபம்.

ஆனால் ஒத்த படங்களை அடுத்தடுத்துப் போடவே கூடாது என்றும் இல்லை. ஒன்று இன்னொன்றைத் திருப்பிச் சொல்கிறதா, அல்லது இரண்டும் பேசிக்கொள்கின்றனவா என்பதுதான் கேள்வி. ஒரு குற்றத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்லும் 'ராஷோமான்' (1950), அதே உத்தியில் ஒரு பாட்டுகூட இல்லாமல் எடுத்த நம்முடைய 'அந்த நாள்' (1954). இவை இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இடைவெளியில் பேச்சு ஓயாது. இருபது நிமிடம் போதாமல் போன ஒரே இடைவெளி எனக்கு அதுதான்.

கனமான படத்துக்குப் பின்னால் இறுக்கம் தளர்த்தும் படம் ஒன்று வேண்டும். சிரிப்பு கலந்த திகில், சின்னப் படம், நிறமும் சத்தமும் உள்ள படம், இவையெல்லாம் நள்ளிரவுக்குப் பிந்தைய சொத்து. நோபுஹிகோ ஒபயாஷியின் 'ஹவுஸு' (1977) மாதிரி ஒன்று: சின்னப் பெண்ணான தன் மகள் சொன்ன பயங்களை வைத்து அவர் உருவாக்கியது, பியானோ ஒரு பெண்ணைத் தின்னும். பகலில் பார்த்தால் கிறுக்குத்தனமாகப் படலாம். அதிகாலை மூன்று மணிக்கு, பாதி மூளை கனவில் இருக்கும்போது, அதைவிடப் பொருத்தமான படம் இல்லை.

கல்ட் என்றால் மட்டமான படம் என்று நினைப்பது

1982 ஜூன் 25 அன்று அமெரிக்காவில் இரண்டு படங்கள் ஒரே நாளில் வெளியாயின: ஜான் கார்பென்டரின் 'தி திங்', ரிட்லி ஸ்காட்டின் 'பிளேட் ரன்னர்'. எதிர்பார்த்த வசூல் இரண்டுக்குமே வரவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் வந்த 'ஈ.டி.' ஊரையே அள்ளிக்கொண்டிருந்தது. பிறகு வீடியோ கேசட்டிலும் மறுவெளியீட்டிலும் மெதுவாக ஆட்களைச் சேர்த்துச் சேர்த்து இன்று அவை இரண்டுமே கொண்டாடப்படுகின்றன. கல்ட் என்ற பெயரைப் படத்துக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்ட ரசிகர்கள். தரம் எப்படியும் இருக்கலாம்.

இது புரியாமல், "படு மோசம், அதனாலேயே ரசிக்கலாம்" என்ற ரகத்திலேயே நாலு படம் எடுத்து அடுக்குவார்கள். அப்படிப்பட்ட படம் நாற்பது நிமிடம் சிரிக்க வைக்கும். அதன்பிறகு அது மோசமான படம், அவ்வளவுதான். இரவுக்கு ஒன்று போதும். இன்னொரு விஷயம்: சில கல்ட் படங்கள் கூட்டத்தை நம்பியே வாழ்பவை. 'தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ' (1975) நள்ளிரவுக் காட்சிகளில் ரசிகர்கள் வேஷம் போட்டு வந்து, வசனத்துக்கு எதிர்வசனம் கத்தி வளர்த்தெடுத்தது. அதை மூன்று பேர் சோபாவில் அமைதியாக உட்கார்ந்து பார்த்தால், "இதுக்குப் போயா இவ்வளவு?" என்றுதான் தோன்றும்.

டிவியைத் தொட்டுப் பார்க்காதது

புது டிவிகள் பலவற்றில், அசைவை வழவழப்பாக்கும் ஒரு வசதி தானாகவே ஆன் ஆகியிருக்கும். ஃபிரேமுக்கும் (படச்சுருளின் ஒவ்வொரு அசையாப் படம்) ஃபிரேமுக்கும் நடுவில் இல்லாத ஃபிரேம்களை அதுவே செய்து சொருகும். நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த பழைய திகில் படம் அதில் சீரியல் மாதிரி ஆகிவிடும். பிசாசின் முகத்தில் மேக்கப் ஒட்டியிருப்பது தெரியும். அமைப்புகளுக்குள் போய் அதை அணைத்துவிடுங்கள். படத்தை எடுத்தபடியே காட்டும் ஃபிலிம்மேக்கர் மோட் என்ற அமைப்பு இருந்தால் அதைப் போட்டாலே போதும். பக்கவாட்டில் கருப்புப் பட்டை வருகிறதே என்று பழைய படத்தை இழுத்து அகலமாக்குவது அதைவிடப் பாவம். அந்தப் படங்கள் கிட்டத்தட்டச் சதுரமான சட்டத்துக்காக எடுத்தவை. இழுத்தால் எல்லோருக்கும் கன்னம் வீங்கும்.

சப்டைட்டிலை முதல் ஐந்து நிமிடம் மட்டும் சரிபார்ப்பது நான் திரும்பத் திரும்பச் செய்த தப்பு. ஐரோப்பிய டிவிடிகளில் 24 ஃபிரேம் படத்தை 25 ஃபிரேமாக ஓட்டியிருப்பார்கள். அதற்கென்று செய்த சப்டைட்டிலை வேறு பிரதியோடு சேர்த்தால், தொடக்கத்தில் கச்சிதமாக இருக்கும். ஒரு மணி நேரம் போவதற்குள் இரண்டு நிமிடத்துக்கு மேல் விலகியிருக்கும். கொலைகாரன் யார் என்பதை எழுத்து முன்கூட்டியே சொல்லிவிட்டது ஒருமுறை. அறையில் எழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. படத்தின் நடுவிலும் கடைசியிலும் ஓரோர் இடத்தைத் தட்டிப் பாருங்கள். முந்தின நாளே.

ஸ்ட்ரீமிங்கில் இருக்கும் என்று நம்பி முந்தின நாள் வரை தேடாமல் இருப்பதும் இதே கணக்கு. உரிமம் முடிந்தால் படம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

ஆட்களைக் கேட்காதது

வருபவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "எதைப் பார்க்க முடியாது உன்னால்?" பேய் பிடிக்கும், ஊசி பிடிக்காது என்பார்கள். பளிச் பளிச்சென்று வெட்டும் வெளிச்சம் சிலருக்கு வலிப்பையே கொண்டுவரும். 'கானிபல் ஹோலோகாஸ்ட்' (1980) படத்தில் மிருகங்கள் கொல்லப்படுவது தந்திரக் காட்சி கிடையாது, நிஜம். அதைச் சொல்லாமல் ஒருவரை உட்கார வைப்பது நட்பில் சேராது.

பாதியில் வருபவர்களுக்கு நான் கதவைத் திறப்பதில்லை. 1960-ல் 'சைக்கோ' வந்தபோது, படம் ஆரம்பித்தபின் யாரையும் உள்ளே விடக் கூடாது என்று அதன் இயக்குநர் ஹிட்ச்காக் திரையரங்குகளைக் கட்டாயப்படுத்தினார். எனக்கு அந்த அதிகாரம் கிடையாது, ஆனாலும் இடைவெளி எப்போது என்று மெசேஜ் போட்டுவிடுவேன், அப்போது வரலாம். விடிந்தபின் வண்டி ஓட்டிப் போக வேண்டியவர்கள் யார் என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். அவர்களுக்கு ஒரு பாய் போட்டு வையுங்கள்.

இப்போது என் வரிசை இப்படி. ஆறு மணிக்கு 'நொஸ்ஃபெராட்டு', எல்லோரும் தெளிவாக இருக்கும்போது. சாப்பிட்டுவிட்டு எட்டேகாலுக்கு 'சைக்கோ'. 10:25-க்கு 'தி திங்'. 12:35-க்கு 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'. 2:35-க்கு 'ஹவுஸு', தூங்கப் போகிறவர்களை எழுப்ப. கடைசிப் படத்தையும் சேர்த்து ஆறு படங்களின் நீளம் மட்டும் ஒன்பதே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, இடைவெளி இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். கடைசியாக 4:20-க்கு 'தி டெக்சாஸ் செயின் சா மாசக்கர்' (1974). 83 நிமிடம். அந்தப் படத்தின் கதை முடிவதும் சூரியன் எழும் நேரத்தில்தான். நேரம் கச்சிதமாக அமைந்தால், திரையில் ஆரஞ்சு வெளிச்சம் பரவுகிறபோது ஜன்னலிலும் வெளுக்கத் தொடங்கியிருக்கும். போன முறை ஒருத்தி எழுந்து போய்த் திரைச்சீலையை விலக்கினாள். வெளியே யாரோ வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தத் துடைப்பச் சத்தத்துக்கு ஆறு பேரும் ஒருசேரத் துள்ளி விழுந்தோம்.