தென்னந்தோப்பில் சுருள் வெள்ளை ஈயைக் கண்காணிக்கும் முறை

2016-இல் பொள்ளாச்சி வட்டாரத்தில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈயைத் தேடுபவர், மரத்தின் உச்சியை அண்ணாந்து பார்ப்பதைவிட, தாழத் தொங்கும் அடிமட்டையின் ஓலையைத் திருப்பிப் பார்ப்பதே மேல். ஓலையின் அடிப்புறத்தில் வெண்மெழுகு படிந்த முட்டைகள் சுருள்சுருளாகத் தெரியும். ஊடுபயிரான வாழை, ஜாதிக்காய் இலைகளின்மேல் கரும்பூசணம் படர்ந்திருந்தால், மேலே ஈ பெருகித் தேன்போன்ற கழிவைச் சொட்டுகிறது என்று கொள்ளலாம். கோடையில் அடிக்கடி பார்க்க வேண்டும்.

விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டும் பொறிகளை ஏக்கருக்கு 8 வீதம் ஆளுயரத்தில் கட்டி, வாரந்தோறும் ஒட்டியவற்றைக் குறித்துக்கொண்டு, துடைத்து மீண்டும் எண்ணெய் தடவ வேண்டும்.

பொறியைவிட உருப்பெருக்கிக் கண்ணாடியே அதிகம் சொல்லும். வெளிறிய இளம்பூச்சிகளுக்கிடையே கறுத்தவை மிகுந்திருந்தால், அவற்றினுள், இந்த ஈயை அழிக்கும் என்கார்சியா என்ற சிறு குளவி வளர்கிறது; அப்போது, பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்ன சொன்னாலும், பூச்சிமருந்தைத் தொடாமல், அந்த ஓலைத்துண்டுகளை வெட்டிக் குளவியில்லாத மரங்களில் கட்டிவிடலாம்.