கண்காட்சி பார்த்துவிட்டுத் துணியிடம் திரும்புவது எப்படி

துணியில் கலை செய்பவர்கள் ஒரு கண்காட்சிக்குச் சென்று வந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. கைப்பேசி நிறையப் படம் எடுத்து வந்து, பிறகு அவற்றைத் திறந்தே பார்ப்பதில்லை. இல்லையென்றால், அங்கே கண்ட பூவையோ பறவையையோ அப்படியே வரைந்து துணியில் ஏற்றிவிட்டு, கண்காட்சி தந்த உந்துதல் என்று அதற்குப் பெயர் சூட்டிவிடுகிறோம். நானும் நெடுநாள் இப்படித்தான் இருந்தேன். ஒரே பிற்பகலில் எடுத்த 140 படங்களில் ஒன்றுகூட என்னை ஊசியில் நூல் கோக்க வைக்கவில்லை என்பதைக் கவனித்த பிறகே பார்க்கும் முறையை மாற்றிக்கொண்டேன்.

இப்போது எந்தப் படைப்பின் முன் நின்றாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறேன்: இந்தப் பொருள் தன்னைச் செய்தவரின் கையை எங்கே தடுத்தது, அவர் அந்தத் தடையை என்ன செய்தார்? கீழே சொல்வதெல்லாம் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பார்ப்பதற்கும், விடையை வீட்டுக்குக் கொண்டுவந்து துணியில் சோதிப்பதற்குமான வழி.

போவதற்கு முன்

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் தேசியக் கலைக்கூடத்திலும் ஆசிய நாகரிக அரும்பொருளகத்திலும் நிரந்தரக் காட்சிக்கூடங்களுக்குக் கட்டணம் இல்லை. இந்தச் சலுகையை ஒரே நாளில் எல்லா மாடிகளையும் சுற்றுவதற்குப் பயன்படுத்துவது வீண். நாற்பது நிமிடம், ஒரே கூடம், அதிகம் போனால் மூன்று படைப்புகள். பிறகு வெளியே வந்துவிட்டு அடுத்த வாரம் மறுபடியும் போகலாம். ஆசிய நாகரிக அரும்பொருளகத்தின் மூன்றாம் மாடியில் உள்ள துணிக் காட்சிக்கூடத்துக்குச் செல்பவர்கள் இன்னும் ஒன்றை நினைவில் வைத்திருக்க வேண்டும். வெளிச்சம் சாயத்தை மங்கச் செய்யும் என்பதால் பழந்துணிகளுக்கு ஏறக்குறைய 50 லக்ஸ் அளவில் மங்கலான ஒளியே தருவது அரும்பொருளகங்களின் வழக்கம். அதே காரணத்தால் துணிகளை அவ்வப்போது மாற்றியும் வைக்கிறார்கள். ஆகவே வெயிலிலிருந்து உள்ளே நுழைந்தவுடன் நிறத்தைப் பற்றி எதையும் எழுதாமல், கண் பழகும் வரை ஐந்து நிமிடம் பொறுத்திருங்கள். இன்று பிடித்த துணி ஆறு மாதம் கழித்து அங்கே இருக்கும் என்று நம்பி நாள் தள்ளவும் வேண்டாம்.

துணிக் கண்காட்சிகளுக்கு மட்டுமே போவது என் பார்வையில் பெரிய தவறு. துணியைப் பார்த்துத் துணி செய்தால் நம்மை அறியாமல் பழைய விடையையே திரும்ப எழுதிக்கொண்டிருப்போம். ஓவியம், பானை, பிரம்பு வேலை, அச்சுக்கலை ஆகியவற்றில் தடைகள் வேறு. அவற்றைத் துணிக்கு மொழிபெயர்க்கும் கட்டாயத்தில்தான் புதிதாக ஏதேனும் பிறக்கிறது.

படைப்பின் முன் நிற்கும்போது

பென்சிலும் சிறிய குறிப்பேடும் போதும். மை சிந்தும் அச்சத்தால் பேனாவைப் பல கூடங்களில் அனுமதிப்பதில்லை. துணியானால் முதலில் ஓரத்தைப் பாருங்கள், அடுத்து இரு பகுதிகள் சேரும் இடத்தை, அடுத்து ஒட்டுப்போட்ட அல்லது பழுதுபார்த்த இடத்தை. உள்பக்கம் தெரியும்படி மடித்து வைத்திருந்தால் அது கொடுப்பினை. நடுவில் உள்ள அழகான உருவத்தைக் கடைசியாகப் பார்த்தால் போதும், அது எங்கும் ஓடிவிடாது. இந்தப் பழக்கத்துக்குப் பயிற்சி வேண்டுமென்றால், வீட்டு அலமாரியில் இருக்கும் கோர்வைக் காஞ்சிப் பட்டை எடுத்து, உடலும் கரையும் பூட்டிக்கொள்ளும் கோட்டை ஒரு பூதக்கண்ணாடியால் பாருங்கள். இரண்டு நிறமும் கலங்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நாடா (ஊடுநூலை ஓட்டும் தறிக்கருவி) ஓட்டி, வரிக்கு வரி கோத்து நெய்திருக்கிறார்கள். கல்யாணத்துக்குக் கல்யாணம் உடுத்தும் புடவையில் இதை நாம் ஒருமுறையாவது உற்றுப் பார்த்திருப்போமா என்பது ஐயமே.

குறிப்பேட்டில் படம் வரைவதற்கு முன் சொற்களால் எழுதுங்கள். "அழகான சிவப்பு" என்பது குறிப்பு ஆகாது. "சிவப்பு கோட்டைத் தாண்டவில்லை, கோடு கறுப்பு, கோட்டுக்கு அருகே துணி லேசாக நைந்திருக்கிறது" என்பது குறிப்பு. கைப்பேசிப் படம் கடைசியில் ஒன்றோ இரண்டோ, மின்னொளி இல்லாமல்.

மூன்று இடங்கள், மூன்று தடைகள்

சிங்கப்பூர் ஓவியர் லியூ காங்கின் ஓவியங்களிலிருந்து தொடங்குவது எளிது. 1952இல் செங் சூ பியெங், சென் சோங் சுவீ, சென் வென் ஷி ஆகியோருடன் பாலித் தீவுக்குச் சென்று வந்த அவர், பிற்காலத்தில் உருவங்களைச் சுற்றி வெண்கோடு இட்டு வண்ணம் தீட்டினார். தேசியக் கலைக்கூடத் தொகுப்பில் உள்ள, 1975இல் வரையப்பட்ட ஆற்றங்கரை வாழ்க்கை ஓவியத்தின் முன் நின்றால் அந்தக் கோடு, மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணியை நினைவூட்டுவது தெரியும். பாத்திக்கில் வெண்கோடு ஒரு கட்டாயம்: மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது, எனவே கோடு என்பது சாயம் போகாத வழி. எண்ணெய் வண்ணத்தில் அப்படி ஒரு கட்டாயமே இல்லை. துணியில் தடையாக இருந்தது ஓவியத் திரையில் விருப்பமாகிவிட்டது. இதைக் கண்டதும் வெண்கோடு போட்ட கம்பத்து (கிராமத்து) வீட்டைத் துணியில் வரையப் புறப்பட வேண்டாம். அவர் சென்ற பாதையில் எதிர்த்திசையில் நடந்து பாருங்கள். எண்ணெய் ஓவியத்தில் தூரிகையின் வண்ணம் தீர்ந்து இழுப்பு பாதியில் வறண்டு நிற்பது தவிர்க்க முடியாதது. பூத்தையலில் நூலை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம். அப்படியிருந்தும் ஒவ்வொரு வரியையும் ஒரு முழ நூலோடு நிறுத்தி, தீர்ந்த இடத்தை வெறுமையாக விட்டுத் தைத்தால் என்ன ஆகும்? நான் தைத்துப் பார்த்த வரையில், துணி மூச்சு விடுகிறது.

சிங்கப்பூர் ஆற்றோரம் உள்ள ராபர்ட்சன் கீக்கு ஒரு மாலை போய்வருவதும் பயன் தரும். தொங்கான் எனப்படும் சரக்குப் படகின் வடிவில் அமைந்த அங்குள்ள அல்காஃப் பாலத்தைப் பிலிப்பீன்ஸ் கலைஞர் பசிட்டா அபாத் 55 வண்ணங்களில் ஆயிரக்கணக்கான வட்டங்களால் நிறைத்தார். 2004 தொடக்கத்தில் அது முடிந்தது, அதே ஆண்டின் இறுதியில் புற்றுநோயால் மறைந்தார். அதற்கு முன் 2003இல், பக்கத்திலேயே இருக்கும் எஸ்டிபிஐ அச்சுக் கூடத்தில் வட்டங்களையே கருவாகக் கொண்டு பணியாற்றியிருந்தார். ஆனால் துணிக்காரர்கள் அவரிடம் கற்க வேண்டியது வட்டம் இல்லை. ஓவியத் திரை தட்டையாக இருந்தது அவருக்குப் போதவில்லை. எனவே வண்ணம் தீட்டிய திரைக்குப் பின்னே பஞ்சு திணித்து, கையால் தைத்துப் புடைக்கச் செய்து, பொத்தான், சோழி, கண்ணாடி என்று மேலே வைத்துத் தைத்தார். சட்டம் இல்லாத அந்தப் படைப்புகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நாடு நாடாகப் போகவும் முடிந்தது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் ஓர் அறையில் வேலை செய்பவர்களுக்கு இந்தச் சுருட்டும் வசதி சிறிய செய்தி ஆகாது.

மூன்றாவது, மலேசியாவின் சாபாவைச் சேர்ந்த கலைஞர் யீ ஐ-லான். ஓமாடால் தீவின் பஜாவ் சாமா டிலாவுட் என்னும் கடல்சார் சமூகப் பெண்களுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய பாய்களில் மேசையின் உருவம் நெய்யப்பட்டிருக்கும். எல்லாரையும் ஒரே மட்டத்தில் உட்காரவைப்பது பாய். ஆட்சியும் அலுவலகமும் கொண்டுவந்தது மேசை. கருத்தை இத்துடன் நிறுத்திக்கொண்டு முடைவைப் பாருங்கள். ஓலைப் பட்டையில் வளைகோடு வராது; படிக்கட்டுப் போலத்தான் வரும். மேசைக் காலின் வளைவை எத்தனை பட்டைக்கு ஒரு படி என்று முடிவு செய்தார்கள் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். குறுக்குத்தையல் செய்பவர்களுக்கும் பெரானக்கான் மணிவேலையில் ஆர்வம் உள்ளவர்களுக்கும் அந்த எண்ணிக்கை நேரடியாகப் பயன்படும்.

வீடு திரும்பி இரண்டு நாட்களுக்குள்

உந்துதல் ஆறிப்போகும் பொருள். இரண்டு நாட்களுக்குள் 15 சென்டிமீட்டர் சதுரத்தில் மூன்று மாதிரிகள் செய்யுங்கள். மூன்றிலும் கண்காட்சியில் கண்ட உருவம் வரக்கூடாது, தடை மட்டும் வர வேண்டும். பெரிய துணியை இந்தக் கட்டத்தில் தொடாதீர்கள். மீட்டர் கணக்கில் வாங்கிவிட்டால் துணிவு போய்விடும்.

நான் அதிகம் கற்ற பயிற்சியை விரிவாகச் சொல்கிறேன். சோழமண்டலக் கரையிலிருந்து தென்கிழக்காசியாவுக்குக் கப்பலேறிய சாயத்துணிகளை இங்குள்ள அரும்பொருளகங்களில் காணும்போது, சிவப்பைத் தூரிகையால் தீட்டியிருக்கிறார்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். தீட்டியது சிவப்பே இல்லை. கடுக்காயும் எருமைப் பாலும் ஊட்டிய பருத்தியில், வெல்லமும் துருப்பிடித்த இரும்பும் ஊறிய நீரால் கறுப்புக் கோடு வரைவார்கள். சிவப்பு வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட நிறமற்ற படிகார நீரைத் தடவுவார்கள். சாயவேர் கொதிகலத்தில் துணி இறங்கிய பிறகுதான் படிகாரம் பட்ட இடம் சிவக்கும். கலைஞர் கண்ணுக்குத் தெரியாத வண்ணத்தில் வேலை செய்கிறார். இந்தத் தடைக்கு இணையான ஒன்றை வேறு எந்தக் கலையிலும் நான் கண்டதில்லை.

வீட்டில் செய்ய, கஞ்சி நீக்கித் துவைத்த 100 கிராம் வெள்ளைப் பருத்திக்கு 20 கிராம் கடுக்காய்ப் பொடியை நீரில் கரைத்து, துணியை ஓரிரவு ஊறவைத்துப் பிழிந்து, அலசாமல் நிழலில் உலர்த்துங்கள். துணி இளமஞ்சளாகும். 15 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, பரவாமல் இருக்கக் கெட்டிக் கஞ்சி சேர்த்துத் தூரிகையால் வரையுங்கள். இந்த ஊரின் ஈரக்காற்றில் அது நன்றாகக் காய இரண்டு நாள் விட வேண்டியிருக்கும். பிறகு ஓடும் நீரில் அலசி, மஞ்சிட்டி (சிவப்பு தரும் மருந்து வேர்) சாயத்தில் ஒரு மணி நேரம் மெல்லிய சூட்டில் வைத்திருங்கள். கொதித்தால் சிவப்பு பழுப்பாகிவிடும். சாயவேருக்குப் பதில் மஞ்சிட்டியைச் சொல்வதற்குக் காரணம், லிட்டில் இந்தியாவின் தேக்கா வட்டாரத்து நாட்டுமருந்துக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம் என்பதுதான். சமையல் பாத்திரத்தை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

பாத்திக் மெழுகில் முயல்பவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு: மெழுகு விரிசல் வேண்டுமென்றால் நம் வெப்பத்தில் அது வளையுமே தவிர உடையாது, துணியைச் சிறிது நேரம் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் தோசை மாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதற்கு வந்த எதிர்ப்பைப் பற்றி இங்கே எழுதவில்லை.

எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம்

சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, கலைப்படைப்புக்கான உரிமை பொதுவாகக் கலைஞரின் வாழ்நாளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் நீடிக்கிறது. வாழும் கலைஞரின் வடிவத்தைத் துணியில் ஏற்றி விற்பது சட்டத்தோடு விளையாடுவது. செய்முறையும் பொருளின் இயல்பும் யாருடைய தனியுரிமையும் ஆகாது. தடையைத் தேடுபவருக்கு இந்தச் சிக்கல் வருவதே அரிது. மரபு வடிவங்களில் சட்டம் தளர்வாக இருக்கலாம், மரியாதை தளரக்கூடாது. யீ ஐ-லான் தம் பாய்களை நெய்தவர்களின் பெயர்களைப் படைப்போடு சேர்த்தே அறிவிக்கிறார். யாரிடம் கற்றோம் என்பதை மாதிரித் துணியின் உள்பக்கத்தில் ஒரு சீட்டில் எழுதித் தைத்துவிடுவது என் வழக்கம்; கூடத்தின் பெயர், தேதி, தடை எது என்பவையும் அதிலேயே இருக்கும்.

கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். செய்த மாதிரியைப் பையில் வைத்துக்கொண்டு அதே கூடத்துக்கு மறுபடியும் போக வேண்டும். கண்ணாடிக்கு இப்புறம் நின்று உள்ளங்கையில் விரித்து ஒப்பிட்டுப் பாருங்கள். என் முதல் மஞ்சிட்டித் துணியைச் சோழமண்டலத் துணியின் முன் விரித்தபோது என் சிவப்பு செங்கல்லாக இருந்தது, என் கோடுகள் கரையில் கசிந்திருந்தன. அன்று சீட்டில் இரண்டு வரி சேர்ந்தது: சூட்டைக் குறைக்க வேண்டும், கஞ்சியை இன்னும் கெட்டியாக்க வேண்டும்.