'சைட்' பண்ணுவது எப்படி? சாட்சியைக் கூப்பிடும் ஒரு ஆங்கிலச் சொல்

தருமபுரியில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி பி.ஏ. வரலாறு கடைசி வருடம் படிக்கிறாள். அதியமானைப் பற்றி ப்ராஜெக்ட் எழுதினாள். அசோகர் கல்வெட்டில் வரும் சத்தியபுத்திரர் அதியமான் மரபினர்தான் என்று அதில் ஒரு வரி. பக்கத்தில் சிவப்பு மையில் 'சைட் யுவர் சோர்ஸ்' என்று கிறுக்கித் திருப்பிக் கொடுத்துவிட்டார் கைடு. இவளும் சமர்த்தாக அந்த வரிக்குக் கீழே நாலு வெப்சைட் முகவரியை ஒட்டிக் கொடுத்தாள். மறுபடி சிவப்பு மை. "சைட்டைத்தான் போட்டுட்டேனே அண்ணா!" என்று என்னிடம் வந்து நின்றாள்.

படி 1: எந்த சைட்?

காதுக்கு ஒரே ஓசை, எழுத்தில் மூன்று சொற்கள். எஸ், ஐ, டி, இ என்றால் இடம். வீட்டு மனையும் வெப்சைட்டும் அதுதான். எஸ், ஐ, ஜி, எச், டி என்றால் பார்வை. பஸ் ஸ்டாண்டில் பையன்கள் 'அடிக்கிற' சைட் இந்த வகை. நமக்கு வேண்டியது சி, ஐ, டி, இ. இறந்த காலத்தில் சைட்டட், பெயர்ச்சொல்லாக சைட்டேஷன்.

படி 2: கோர்ட் வராந்தாவுக்குப் போங்கள்

டவாலி வாசலில் நின்று ஒரு பெயரை மூன்று முறை கூவுவாரே, அந்தக் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சொல்லின் லத்தீன் வேருக்கு 'அழை, வரவழை' என்றுதான் பொருள். நீங்கள் ஒன்றைச் சொல்கிறீர்கள். அதற்குச் சாட்சியாக இன்னொருவரையோ ஒரு நூலையோ கூண்டில் ஏற்றுகிறீர்கள். அதுதான் சைட் பண்ணுவது. வக்கீல்கள் பழைய தீர்ப்பை எடுத்துக் காட்டும்போது "சைட்டேஷன் இருக்கு, மை லார்ட்" என்பதும் இதே வேலைதான்.

அந்தப் பெண்ணின் வரிக்குச் சாட்சி யார்? திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் 1981இல் கண்டெடுத்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு. 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி' என்று சத்தியபுத்திரனையும் அதியமானையும் ஒரே ஆளாகச் சொல்கிறது அது. அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியரோடு சத்தியபுத்திரர் பெயர் மட்டும் வருகிறது. அவர்கள் யார் என்று சொல்வது ஜம்பைதான். ஆகவே இப்படி எழுதச் சொன்னேன்: 'ஸ்காலர்ஸ் சைட் த ஜம்பை இன்ஸ்கிரிப்ஷன் அஸ் எவிடென்ஸ்'. அதோடு, இதை அவள் எந்தப் புத்தகத்தில் படித்தாளோ அதன் பெயரையும் ஆசிரியரையும் அடிக்குறிப்பில் போட வேண்டும்.

படி 3: நடுவில் எதையும் செருகாதீர்கள்

நம் ஆட்கள் பலர் வழுக்குவது இங்கேதான். தமிழில் 'அதைப் பற்றி' என்று சொல்லிப் பழகியதால் 'சைட் அபவுட்' என்று எழுதிவிடுகிறோம். தவறு. சாட்சியின் பெயர் நேராக வினைக்குப் பின்னால் வர வேண்டும். 'சைட் த ஜட்ஜ்மென்ட்', 'சைட் த புக்', அவ்வளவுதான். எதற்காகக் காட்டுகிறோம் என்று சொல்ல 'அஸ்' சேர்க்கலாம், மேலே செய்தது போல.

படி 4: கோட் வேறு, சைட் வேறு

தமிழில் இரண்டுக்கும் 'மேற்கோள்' என்றே சொல்லிவிடுவதால் வந்த குழப்பம் இது. சொன்னவரின் வார்த்தையை ஒரு எழுத்து மாறாமல் எடுத்துப் போட்டால் கோட். வார்த்தை உங்களுடையதாக இருந்து, ஆதாரம் யாருடையது என்று மட்டும் காட்டினால் சைட். பேச்சோடு பேச்சாகப் பெயரைச் சொல்லிப் போவது மென்ஷன். தொல்காப்பியர் 'என்மனார் புலவர்' என்று முன்னோரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார், ஆனால் எந்தப் புலவர் என்று பெயர் சொல்வதில்லை. இந்தக் கைடிடம் போயிருந்தால் அவருக்கும் சிவப்பு மைதான்.

படி 5: மற்ற பொருள்கள்

'சைட்டிங் ஹெல்த் ரீசன்ஸ்' ஒருவர் பதவி விலகினார் என்று ஆங்கிலச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். உடல்நிலையைக் காரணம் காட்டி, என்று அர்த்தம். காரணம் உண்மையா பொய்யா என்பதில் நிருபர் தலையிடவில்லை, அவர் சொன்னதாகச் சொல்லி நகர்ந்துகொள்கிறார். எனக்குப் பிடித்த பயன்பாடு இது.

வீரத்துக்காக ஒருவரைப் பாராட்டி அரசு எழுதும் குறிப்பும் சைட்டேஷன்தான். நம்ம தருமபுரி அருங்காட்சியகத்து நடுகற்களைப் பாருங்கள். கவர்ந்து போன மாட்டு மந்தையை மீட்கப் போராடி ஒருவன் மாண்டால், 'தொறு மீட்டுப் பட்டான்' என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். பதக்கம் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அமெரிக்காவில் வேகமாக வண்டி ஓட்டி மாட்டினால் 'சைட்டட் ஃபார் ஸ்பீடிங்' என்பார்கள். தொப்பூர் கணவாயில் மாட்டினால் 'சலான் போட்டுட்டாங்க'. அமெரிக்கப் படம் பார்க்கும்போது தவிர இது நமக்குத் தேவைப்படாது.

அப்புறம் ஒன்று: இது கோட்டு சூட்டு போட்ட சொல். டீக்கடையில் நண்பரிடம் இந்த வினையை எடுத்துவிட்டால் சிரிப்பார்கள். ப்ராஜெக்ட், மனு, கட்டுரை, கோர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண் மூன்றாம் முறை கொடுத்துவிட்டு வந்தாள். "ஒத்துக்கிட்டாரா?" என்று கேட்டேன். தாளைக் காட்டினாள். ஒரு டிக், அதற்குப் பக்கத்தில் அதே சிவப்பு மையில்: 'பேஜ் நம்பர்?'