பிறக்கும் முன்பே நுரையீரலுக்குச் செய்யும் தவறுகள்

குழந்தை பிறந்து அழுத பிறகுதானே மூச்சு, வயிற்றுக்குள் நுரையீரலுக்கு என்ன வேலை என்று மதுரைப் பக்கம் பலரும் நினைக்கிறார்கள். வேலை நிறைய இருக்கிறது. வயிற்றில் இருக்கும்வரை ஆக்ஸிஜன் நஞ்சுக்கொடியிலிருந்து (பிளாசென்டா) தொப்புள்கொடி வழியாகத்தான் வருகிறது. நுரையீரலுக்குள் காற்று இல்லை, திரவம்தான். ஆனால் மூச்சுக்குழாய்கள் கிளைவிட்டு வளர்வது அப்போதுதான். நஞ்சுக்கொடி வழியாக வரும் ரத்த ஓட்டம் குறைந்தால், குழந்தையின் உடல் இருக்கிற ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் முதலில் அனுப்பும். நுரையீரலுக்குக் குறைந்துபோகும். அப்படி வளர்ச்சி குன்றிப் பிறக்கும் குழந்தைகளுக்கு நுரையீரலின் திறன் குறைவாக இருக்கவும், சளி பிடித்தால் வீசிங் வரவும் வாய்ப்பு அதிகம்.

அதனால்தான் "பிள்ளை சின்னதா இருந்தா சுகப்பிரசவம் ஆகும்" என்று கர்ப்பிணியின் சாப்பாட்டைக் குறைப்பது எனக்குப் பெரிய கவலை. எடை குறைவு பிரசவத்தோடு முடிகிற விஷயமில்லை.

அடுத்தது, இதயத்துடிப்பு கேட்டுவிட்டால் எல்லாம் சரி என்று இருந்துவிடுவது. துடிப்பு நன்றாக இருக்கும்போதே தொப்புள்கொடியில் ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம். அதைக் காட்டுவது டாப்ளர் ஸ்கேன். எல்லாருக்கும் அது தேவைப்படாது. தாய்க்கு பிரஷர் இருந்தாலோ குழந்தை வளர்ச்சி பின்தங்கினாலோ டாக்டர் எழுதிக் கொடுப்பார். "போன மாசம்தானே ஸ்கேன் எடுத்தோம்" என்று தள்ளிப்போடாதீர்கள். ஓட்டம் சில நாட்களிலேயே மாறக்கூடியது. வளைகாப்பு முடிந்து உசிலம்பட்டியிலோ மேலூரிலோ இருக்கும் தாய் வீட்டுக்குப் போகும்போது ஸ்கேன் ரிப்போர்ட்டெல்லாம் மாமியார் வீட்டு பீரோவில் தங்கிவிடுவதும் நடக்கிறது. புது டாக்டருக்குப் பழைய அளவு தெரியாவிட்டால், குழந்தை வளர்கிறதா நின்றுவிட்டதா என்று எப்படிச் சொல்வார்? சீமந்தச் சீர்வரிசையோடு அந்த ஃபைலையும் எடுத்து வையுங்கள்.

நல்ல நேரம் பார்த்து சிசேரியனை முன்னால் இழுக்கும் பழக்கத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். நுரையீரலில் இருக்கும் திரவம் கடைசி நாட்களிலும் பிரசவ வலியின்போதும்தான் வேகமாக வற்றுகிறது. மருத்துவக் காரணம் இல்லாமல் 39 வாரத்துக்கு முன்பு, வலியும் வராமல் எடுத்தால், மூச்சுத்திணறலோடு குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் ஆபத்து கூடுகிறது. நட்சத்திரம் பார்ப்பது உங்கள் விருப்பம். தேதியை டாக்டர் முடிவு செய்யட்டும், அந்த நாளுக்குள் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். அதே சமயம், ரத்த ஓட்டம் மோசமாகி டாக்டரே சீக்கிரம் எடுக்கச் சொன்னால் மறுக்காதீர்கள். 34 வாரத்துக்கு முன்பு பிரசவம் ஆகலாம் என்றால் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். பெயரைக் கேட்டுப் பயந்து வேண்டாம் என்பவர்கள் உண்டு. குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் பக்குவப்படப் போடும் ஊசி அது.

புகையும் இதில் சேரும். கணவர் வீட்டுக்குள் பிடிக்கும் பீடி, சிகரெட், விறகடுப்பு எல்லாமே குழந்தைக்குப் போகும் ஆக்ஸிஜனைக் குறைக்கும். பிறந்த பிறகு குளிப்பாட்டித் தலைக்கு சாம்பிராணி காட்டுகிறோமே, அதையும் விட்டுவிடலாம். பாட்டி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, துண்டால் துவட்டினால் தலை காய்ந்துவிடும்.

டாப்ளரில் குறை என்று வந்ததுமே பிள்ளைக்கு ஆயுசுக்கும் ஆஸ்துமா என்று முடிவு கட்டுவதும் தவறுதான். காற்றுப்பைகள் பிறந்த பிறகும் சில வருடங்கள் உருவாகிக்கொண்டே இருக்கும். தாய்ப்பால், தடுப்பூசி, புகையில்லாத வீடு இவை நிஜமாகவே உதவும். எடை குறைவாகப் பிறந்த குழந்தை தூங்கும்போது மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணிப் பாருங்கள். முதல் இரண்டு மாதத்தில் 60 அல்லது அதற்கு மேல் போனாலோ, நெஞ்சு உள்ளே இழுத்தாலோ, வீட்டு வைத்தியம் பார்க்காமல் 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.