ரிப்பேர் கப்பல்ல இருந்த மாலுமியோட போர்க்கால சர்வீஸை எப்படி தேடி எடுக்கிறது

இரண்டாம் உலகப்போர் கடற்படைன்னாலே எல்லாரும் விமானம் தாங்கி கப்பல், போர்க்கப்பல்னுதான் தேடுறாங்க. அடிபட்டு வந்த கப்பலை பக்கத்துல கட்டி வச்சு, ஓட்டையை அடைச்சு வெல்டிங் போட்டு திருப்பி சண்டைக்கு அனுப்புன ஆளுங்களை தேடுறவங்க ரொம்ப கம்மி, எனக்கு அது பெரிய வருத்தம். அமெரிக்க கடற்படையோட வெஸ்டல்ங்கிற ரிப்பேர் கப்பலை வச்சு சொல்றேன், மெடூசா, வல்கன், அஜாக்ஸ்னு எந்த ரிப்பேர் கப்பலா இருந்தாலும் இதே வழிதான்.

முதல்ல மஸ்டர் ரோல். அந்தந்த தேதியில கப்பல்ல யார் யார் இருந்தாங்கங்கிற ஆள் பட்டியல் அது, 1939ல இருந்து 1949 வரைக்கும் உள்ளது அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்துல இருக்கு. பேர் பக்கத்துலயே சர்வீஸ் நம்பர் இருக்கும், சாதாரண மாலுமிக்கு 7 இலக்கம், அதை உடனே குறிச்சு வச்சுக்கோங்க, ஒரே பேர்ல நாலு பேர் வந்தா இதுதான் காப்பாத்தும். அதிகாரிங்க பேர் இதுல வராது, அங்க தேடி நேரத்தை வீணாக்காதீங்க.

அடுத்து ரேட்டிங்ங்கிற கட்டம், அதாவது கப்பல்ல அந்த மாலுமி செஞ்ச தொழில், இதை அவசரப்படாம படிங்க. எஸ்எஃப்னா ஷிப்ஃபிட்டர் (கப்பலோட இரும்புத் தகடு, குழாய் வேலை பார்க்கிறவர்), எம்எம்னா மெஷினிஸ்ட்ஸ் மேட் (இன்ஜின், மெஷின் வேலை பார்க்கிறவர்), பிஎம்னா பேட்டர்ன்மேக்கர், எம்எல்னா மோல்டர். ஒரு பம்ப்போட உள்பாகம் உடைஞ்சு போச்சு, ஸ்பேர் வேணும்னா பல ஆயிரம் மைல் தள்ளி இருக்குன்னு வைங்க. பேட்டர்ன்மேக்கர் மரத்துல அதே மாதிரி ஒண்ணு செதுக்குவாரு, மோல்டர் அதை மண்ணுல அழுத்தி அச்சு எடுத்து உலோகத்தை உருக்கி ஊத்துவாரு, ஆறினதும் மெஷின் ஷாப்ல லேத்துல கடைஞ்சு அளவுக்கு கொண்டு வருவாங்க. கப்பலுக்குள்ளயே வார்ப்படப் பட்டறை! அந்த ரெண்டு எழுத்துல ஒரு மனுஷனோட போர்க்கால வாழ்க்கையே இருக்கு.

தனிப்பட்ட சர்வீஸ் ஃபைலுக்கு அமெரிக்காவோட செயின்ட் லூயிஸ்ல இருக்கிற ஆவண மையத்துக்கு எஸ்எஃப்-180 (ஸ்டாண்டர்ட் ஃபார்ம் 180) விண்ணப்பம் அனுப்பணும். சர்வீஸ் முடிஞ்சு 62 வருஷம் ஆயிட்டா உறவுக்காரரா இல்லாதவங்களும் கேட்கலாம், காப்பிக்கு காசு உண்டு. 1973 ஜூலைல அங்க நடந்த தீ விபத்துல எல்லாம் போச்சுன்னு யாராவது சொன்னா அப்படியே விட்டுடாதீங்க, அதுல எரிஞ்சது தரைப்படை, விமானப்படை ஃபைலுங்கதான், கடற்படை ஃபைலுங்க இல்ல.

இப்போ முக்கியமான இடம். கப்பலோட டெக் லாக் (அன்னாட நடப்பு பதிவு), வார் டைரி (போர்க்கால நடவடிக்கை பதிவு) ரெண்டையும் எடுத்து, சண்டைன்னு தேடாம எந்தக் கப்பல் பக்கத்துல வந்து கட்டுச்சுன்னு தேடுங்க, அப்புறம் அந்தக் கப்பலோட டைரியையும் அதே தேதியில திறங்க. ஏன்னா 1942 அக்டோபர் 26 சான்டா குரூஸ் சண்டையில அடி வாங்கின என்டர்பிரைஸ்ங்கிற விமானம் தாங்கி கப்பல் நியூ கலிடோனியா தீவுல இருக்கிற நூமியா துறைமுகத்துக்கு வந்துச்சு, வெஸ்டல் ஆளுங்க அதுல ஏறி வேலை பார்த்தாங்க, நவம்பர் 11 அன்னைக்கு வேலை முடியாமலே அவங்களையும் ஏத்திக்கிட்டு சண்டை நடந்துட்டு இருந்த குவாடல்கனால் தீவு பக்கம் கிளம்பிடுச்சு. இப்படி தற்காலிகமா போனவங்க கணக்குல வெஸ்டல் ஆளுங்கதான், ரோலை மட்டும் பார்த்தீங்கன்னா அந்த ஆளு சண்டைக்கு நடுவுல வெல்டிங் பிடிச்சுட்டு இருந்தது தெரியாமலே போயிடும்.

ஜப்பான் பேர்ல் ஹார்பர் துறைமுகத்தைத் தாக்கின 1941 டிசம்பர் 7 தேதிக்கும் அப்படித்தான். வெஸ்டல் அன்னைக்கு அரிசோனாங்கிற போர்க்கப்பலை ஒட்டி கட்டியிருந்துச்சு, வெஸ்டல் மேல ரெண்டு குண்டு விழுந்துச்சு. அரிசோனா வெடிச்சப்ப வெஸ்டலோட கேப்டன் காசின் யங் தண்ணியில தூக்கி வீசப்பட்டு, நீந்தி திரும்பி வந்து, கப்பலை விட்டு இறங்கிட்டு இருந்தவங்களை நிறுத்தி, கப்பல் முழுகாம இருக்க அதை கரையில ஏத்தினாரு. அவருக்கு அமெரிக்காவோட உயர்ந்த வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஹானர் கிடைச்சது. அதே டெக்ல ஜோ ஜார்ஜ்ங்கிற மாலுமி எரிஞ்சுட்டு இருந்த அரிசோனாவுக்கு ஒரு கயிறை வீசினாரு, ஆறு பேர் தீக்காயம் பட்ட கையால அதைப் பிடிச்சு தொங்கிக்கிட்டே தாண்டி வந்தாங்க. ஜோ ஜார்ஜுக்கு பிரான்ஸ் ஸ்டார்ங்கிற பதக்கம் கிடைச்சது 2017ல, அவர் இறந்து இருபது வருஷத்துக்கு மேல ஆனப்புறம். அதுவும் அந்தக் கயிறுல வந்து உயிர் பிழைச்சவங்க விடாம கேட்டதாலதான். அதனால நீங்க தேடுற ஆளோட சொந்தக் கப்பல் காகிதம் காலியா இருந்தா, பக்கத்துக் கப்பல்ல பிழைச்சவங்க கொடுத்த பேட்டிகளை எடுத்து, அதுல ரிப்பேர் கப்பலோட பேர் வர்ற இடத்தையெல்லாம் ஒண்ணு விடாம படிங்க.