அம்மாவுக்கு பாத்ரூம் வழியைப் பழக்குவது

அம்மாவின் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில், மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி இரண்டு பக்கமும் சுருங்கியிருப்பதாகப் போட்டிருந்தது. அல்சைமர் என்ற மறதி நோய். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் பழைய வீட்டை விட்டு ஃபிளாட்டுக்கு வந்திருந்தோம். ராத்திரி எழுந்து கொல்லைக்குப் போவதாக நினைத்து பால்கனிக் கதவைத் தள்ளிக்கொண்டு நிற்பாள். “காலையிலதானே காட்டினேன், மறந்துட்டியா?” என்று நானும் கத்தியிருக்கிறேன்.

முதலில் அந்தக் கேள்வியை விடுங்கள். காலையில் நடந்ததைப் பதிந்துவைப்பதும், புது இடத்தில் எது எங்கே என்று பிடிபடுவதும் ஹிப்போகாம்பஸை நம்பித்தான். கடல்குதிரை மாதிரி வளைந்த சின்னப் பகுதி, காதுக்கு உள்ளே தள்ளி பக்கத்துக்கு ஒன்று. அல்சைமர் ஆரம்பத்திலேயே கைவைப்பது அதிலும் அதை ஒட்டிய இடத்திலும். கேட்டால் பதில் வராது, அழுகைதான் வரும்.

கை கால் பழக்கம் தங்குவது வேறு இடம். 1953-இல் அமெரிக்காவில் வலிப்பு நோய்க்காக ஹென்றி மொலைசனின் இரண்டு பக்க ஹிப்போகாம்பஸிலும் பெரிய பகுதியை எடுத்துவிட்டார்கள். அப்புறம் புதிதாக எதுவும் அவர் நினைவில் நிற்கவில்லை. ஆனால் அவரை ஆராய்ந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரைக் கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையவைத்தபோது, மூன்று நாளில் கை பழகிவிட்டது. வரைந்ததே அவருக்கு ஞாபகமில்லை!

அந்த வழியைத்தான் பிடித்துக்கொண்டேன். ஒரே ஒரு பழக்கம், அவ்வளவுதான். பாத்ரூம் கைப்பிடியில் சிவப்புத் துண்டு. கதவு திறந்தே இருக்கும், உள்ளே விளக்கு எரியும். காபிக்குப் பிறகு, சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கப்போகுமுன் கூடவே நடந்தேன், இடது கை சுவரைத் தடவியபடி, ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தை: “சிவப்புத் துண்டுகிட்ட போவோம்மா.” பால்கனிப் பக்கம் திரும்பப் போகிறாள் என்று தெரிந்ததுமே முழங்கையைத் தொட்டுத் திருப்பிவிடுவேன். தப்பாகப் போகவிட்டுத் திருத்தக் கூடாது, தப்பும் பழக்கமாகிவிடும். தம்பி வந்து, “எங்க, நீயே போ பாப்போம்” என்று சோதித்தான். நேரே பால்கனி. அடுத்த இரண்டு நாளும் பால்கனிதான்.

துண்டு ஒரே நிறத்தில் இரண்டு வாங்குங்கள். துவைக்கப் போட்டுவிட்டு நீலத்துண்டு மாட்டிய அன்று அப்படியே நின்றுவிட்டாள். பழகப் பழக, கையைப் பிடிப்பதை விட்டுப் பின்னால் நடந்தேன், அப்புறம் வார்த்தை மட்டும்.

ஒன்று முக்கியம். இதற்கெல்லாம் முன்பே ரத்தத்தில் வைட்டமின் பி12, தைராய்டு பார்த்துவிடுங்கள். அவை குறைந்தாலும் மறதி வரும். குழப்பம் ஓரிரு நாளில் திடீரென்று கூடினால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

ஐந்தாவது வாரம் ஒரு ராத்திரி சத்தம் கேட்டு எழுந்தேன். அம்மா சுவரைத் தடவிக்கொண்டே தானாகப் போய்க்கொண்டிருந்தாள். காலையில் ஆசையை அடக்க முடியாமல், பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டேன்.

“கொல்லையிலதான், வேற எங்க” என்றாள்.